பறிமுதல் பதிவேடு

எண் 1147. ஊத் வாத்தியம், ஒன்று. கழுத்து முறிந்தது.
எண் 1148. ஒலிநாடா, நாற்பத்து மூன்று.
எண் 1149. பெண் படம் போட்ட ஷாம்பு அட்டை, பெரியது.
எழுதியவன் நான், ஹுமூத்,
புரைதா கிளையின் கிடங்குக் காப்பாளன்.
என் கையெழுத்து அப்போது
மினாரா போல நிமிர்ந்து நின்றிருக்கிறது.

காலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது.
கிடங்கிலுள்ள இசைக் கருவிகளைத் துடைத்து, எண்ணி,
பஞ்சில் பொதிந்து
கலாச்சாரத் துறையிடம் ஒப்படைக்கவும்.
தலைநகரில் கண்காட்சியாம்.

பறிக்கச் சொன்ன காகிதமும் இதே கோப்பில்தான் இருக்கிறது.
ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது.
இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தேன்.
அதே பிஸ்மில்லா,
அதே முத்திரை,
அதே பச்சை மை.

எங்கள் முப்பாட்டன்மாருக்கும் அரண்மனைக்கும்
ஒரு பேச்சு இருந்தது என்பார்கள்:
வாள் உங்களுக்கு, நூல் எங்களுக்கு.
நூல் என்றால்
பொம்மையில் கட்டியிருப்பதும் நூல்தான் என்று
யாருக்கும் அன்று தோன்றவில்லை போலிருக்கிறது.

நானொன்றும் நிரபராதி இல்லை.
1147ஐ முறித்தது என் முழங்கால்.
கல்யாணக் கூடாரத்தின் பின்னால், இஷாவுக்குப் பிறகு.
அந்தப் பையன் கெஞ்சவில்லை.
"பார்த்து, அது வால்நட் மரம்" என்று மட்டும் சொன்னான்,
ஏதோ எனக்குக் காயம்படும் என்பது போல.
அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அக்காள் ஹைலாவின் கணவர் துகையில்
என்னைப் போல முழங்காலால் வேலை செய்தவர் அல்லர்.
மிம்பரில் நின்றவர்.
அந்நியப் படைகள் எங்கள் மணலில் இறங்கிய ஆண்டு
"ஆகும்" என்று எழுதித் தரச் சொன்னார்கள்.
மூன்று நாள் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகக் கிடந்து
எழுதித் தந்தார்.
பெண்கள் வண்டி ஓட்ட "ஆகாது" என்று எழுதச் சொன்னார்கள்.
அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.
பிறகொரு நாள் "ஆகும்" என்றார்கள்.
எழுதினார். பேனாவைக் கழுவி வைத்தார்.
கச்சேரி வந்தபோது
எதுவும் எழுதவில்லை.
ஆதரித்து ஒரு வரி போதும் என்று தொலைபேசி வந்தது.
தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு
சுப்ஹுக்கு எழுந்தார்.
வாசலில் இரண்டு வண்டிகள்.

விசாரிக்கப் போனேன்.
என்ன சொன்னார் அவர்?
"ஒன்றும் சொல்லவில்லை."
பிறகு என்ன குற்றம்?
"அதைத்தான் சொல்கிறோம்."

இப்போது மாதம் ஒருமுறை
ஹைலா தானே ஓட்டிப் போகிறாள்,
முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர்,
தன் உரிமத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகிக்கொண்டு.
முதல் முறை, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து
"யார் ஓட்டிவந்தது?" என்று கேட்டாராம்.
"உங்கள் கையெழுத்துதான்" என்றாளாம் இவள்.
இரண்டு பேரும் சிரித்தார்களா என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அவருடைய பள்ளியில் இப்போது ஓர் இளைஞர்.
குத்பா வியாழன் இரவே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.
பதினைந்து நிமிடம், பிழையில்லாமல் ஓதுகிறார்.
ஒலிபெருக்கி மூன்றில் ஒரு பங்கு சத்தத்தில்.
ஆட்சியாளருக்கான துஆவில்
எல்லோரும் ஆமீன் சொல்கிறோம்.
முன்பும் சொன்னோம். முன்பு
அது எங்கள் தொண்டையிலிருந்து வந்ததாக நினைத்திருந்தோம்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

பஞ்சு தீர்ந்துவிட்டது.
கடைசி ஊத்தை என் பழைய மிஷ்லஹில் சுற்றினேன்,
ரோந்துக்குப் போகும்போது போர்த்திய அதே அங்கி.
படிவத்தில் "சேதம்" என்றொரு கட்டம் இருக்கிறது.
கழுத்து முறிந்தது.
அடுத்த கட்டம், காரணம்.
"மேலிட உத்தரவு" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"முழங்கால்" என்று எழுதினேன்.
கீழே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான்,
பாங்கு சொல்லி முடியட்டும் என்றுகூடப் பார்க்காமல்.
யாருடையது என்ற கட்டம்
இன்னும் காலி.